கழித்தா, கழிக்காமலா?

இன்று காலை, ரேடியோ இரைச்சலை அளக்கும் லூப் ஆண்டெனாவின் பெட்டியைத் திறந்ததும் மிளகு வாசம் முகத்தில் அடித்தது. கறுப்புப் பஞ்சுக்குள் பதிந்து கிடக்கும் அந்தப் பெரிய வளையத்துக்கும் பெட்டியின் மூலைக்கும் நடுவே, வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு கைப்பிடி மிளகு. பூச்சி அண்டக்கூடாது என்று நீ ஆரம்பித்து வைத்த வழக்கம். நம் ஆய்வுக்கூடத்தில் வேறு எந்தக் கருவியும் இப்படி ரசம் கொதிக்கிற அடுப்படி மாதிரி மணப்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இது நீ போட்ட முடிச்சு இல்லை. நீ கட்டினால் மூன்று முடிச்சுப் போட்டுப் பல்லால் இழுத்து இறுக்குவாய். அவிழ்க்க வருகிறவள் நகத்தை இழக்க வேண்டும். இது ஒற்றை முடிச்சு, தொளதொளவென்று கிடக்கிறது. போன மாதம் உன் வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்தது. அன்று உங்கள் காட்டில் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். எழுதினால் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நீ போன பிறகு வந்து குவிந்த ஆறுதல்களைக் கேட்டிருந்தால் நீயே எழுந்து ஓடியிருப்பாய். "புண்ணியம் பண்ணுனவ, கஷ்டப்படாமப் போய்ட்டா" என்றார் ஒருவர். "நிமிசத்துல முடிஞ்சுதாமா, அவளுக்கே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் இன்னொருவர். என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னவர்களை என்ன செய்வது? தலையை ஆட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரிப் பேச்சுக்கு நமக்குள் ஒரு பெயர் இருந்ததே, கழித்துச் சொல்வது என்று. அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆளைப் பறிகொடுத்துவிட்டு இவர்களிடம் என்ன பேச?

அந்தப் பேச்சு பிறந்த இடம் உங்கள் மலைமேல் குண்டூர் நாடு. மரவள்ளி பிடுங்கிவிட்டு உன் அப்பா சும்மா போட்டிருந்த மேட்டு நிலம். கீழே நாமக்கல் பக்கம் நம் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி வெல்டிங் பட்டறைகளும் லாரிக்கு பாடி கட்டுகிற கொட்டகைகளும். தாழ்ந்த அலைவரிசையில் வளையத்தை வைத்தால் ஊரே கத்தியது. சோதனைக்கு வந்த கருவியின் இரைச்சல் எது, ஊரின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. "எங்க மலைக்கு வாடி. அங்க உன் வளையத்துக்குக் கொட்டாவி வரும்" என்றாய். ஜீப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவும் ஏறினோம். நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டு வந்தாய். அந்த வாசத்தை இன்று வரை நான் மன்னிக்கவில்லை.

அன்று சோதித்தது சோலார் பம்புக்கான கன்ட்ரோலர் பெட்டி. பக்கத்துக் காட்டிலிருந்து உன் அத்தை வந்து இடுப்பில் கைவைத்து நின்று, இதென்ன வேலை என்று கேட்டார். நீ சொன்ன பதிலை நான் படித்த எந்தப் பாடத்திலும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"அத்தை, இந்தப் பொட்டி ஓடையில கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் எரைச்சலக் கக்கும். முந்நூறு மீட்டருக்கு அந்தாண்ட இருக்கற ரேடியோவ அது கெடுக்கக்கூடாது. அதுக்கு ஒரு வரம்பு வச்சிருக்காங்க. அத்தன தள்ளிப் போனா இந்த வளையத்துக்கே ஒண்ணும் கேக்காது. அதனால மூணு மீட்டர் தூரத்துல வச்சு அளந்துட்டு, மிச்ச தூரத்துக்கு எம்பது டெசிபல் கழிச்சுக்குவோம்."

அத்தைக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. "தூரமா? ஆரு சாமி தூரம்? அந்தப் பக்கம் கோயிலு இருக்குது, தள்ளி நில்லுங்க கண்ணு" என்றார். மாதவிலக்கையும் தூரம் என்பது எங்கள் அடிவாரத்திலும் உள்ளதுதான், எனக்கும் புரிந்துவிட்டது. வளையம் நின்ற முக்காலியைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் வளையம் ஆடி, அளவு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

எடுத்த அளவு பிரமாதம். பெட்டி வரம்புக்கு எங்கேயோ கீழே இருந்தது. உனக்குத்தான் சந்தேகம் தட்டியது. ஜீப்பின் எஞ்சினை ஓடவிட்டு அளந்தாய், அதுவும் பாஸ். அத்தை வீட்டு மிக்ஸியை நீள ஒயர் போட்டு இழுத்து வந்து ஓட்டினாய். அது போடுகிற சத்தத்துக்கு மலையே எழுந்து உட்கார வேண்டும், அதுவும் பாஸ். அப்புறம்தான் பிடிபட்டது. தூரத்துக்காக நான் வரம்பை எண்பது உயர்த்தி வைத்திருந்தேன். அதே தூரத்துக்காக நீ அளவில் எண்பதைக் குறைத்து வைத்திருந்தாய். வரம்பை நகர்த்தலாம், அல்லது அளவை நகர்த்தலாம். இரண்டையும் நகர்த்தினால் எதுவும் பாஸ்தான்.

"ரெண்டு தடவ கழிச்சுட்டமேடி! இடியே விழுந்திருந்தாலும் பாஸ் போட்டிருப்போம்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். மறுபடி முதலிலிருந்து அளந்தோம். அதோடு விடவில்லை நீ. வளையத்தைப் பத்து மீட்டருக்கும் தள்ளிக் கொண்டுபோய் வைத்தாய். "எம்பதுங்கறது ஒரு நம்பிக்கை. ரெண்டு எடத்துல வச்சுப் பாத்தாத்தான் அது எப்படிக் கொறையுதுன்னு நெசம் தெரியும்" என்றாய். பெட்டி நியாயமாகவே தேறியது.

அன்றிலிருந்து யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "கழிச்சா, கழிக்காமயா?" என்று கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வேலையில் ஆரம்பித்தது வாய்க்குள் குடியேறிவிட்டது. உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தங்கமான பையன் என்று தரகர் சொல்ல, நீ உள்ளறையிலிருந்து எனக்கு போன் போட்டு "கழிச்சுச் சொல்றாரா, கழிக்காமச் சொல்றாரான்னு தெரியலடி" என்றாய். பையன் தங்கம்தான். திருப்புலி நாட்டில் மிளகும் தினையும் போடுகிற, அதிகம் பேசாத மனிதர். அவரையும் நீ கெடுத்துவிட்டாய். ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் "குழம்பு நல்லா இருக்குதுங்ணா" என்று சொல்ல, அவர் நிமிராமலே "கழிச்சுங்களா, கழிக்காமங்களா?" என்று கேட்டார். நீ பெருமையோடு என்னைப் பார்த்தாய்.

பிறகு செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நீ மயங்கி விழுந்தாய். உன் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மோட்டார், இன்வெர்ட்டர் போன்றவற்றிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி நிற்கவேண்டும் என்று அதன் கையேட்டில் போட்டிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாய். "இனிமே எனக்கு எல்லாமே தூரந்தான். அத்தை கேட்டா சந்தோசப்படும்" என்றாய். சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்ய. நாமிருவரும் அளந்து அளந்து காத்த வரம்பெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு ரேடியோவுக்கானது. பக்கத்தில் நிற்கிறவளின் நெஞ்சுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அது அன்றுதான் எனக்கு உறைத்தது. வேலையை விட்டுவிட்டு மலைக்கே போனாய். காட்டுக்கு சோலார் பம்பு போட்டபோது, நாம் அளந்த அதே கன்ட்ரோலரைத்தான் வாங்கச் சொன்னாய்.

நீ கடைசியாகப் பேசியது ஒரு மத்தியான நேரம். பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். வழக்கமாக நான் கேட்க வேண்டியதை நீயே சொன்னாய்.

"கழிக்காமச் சொல்றேன், கேட்டுக்க. மிசின் நல்லாத்தான் ஓடுதாம். நெஞ்சுத் தசைதான் தளந்துக்கிட்டே வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு எட்டு வச்சா கண்ணு இருட்டுது. பயமா இருக்குடி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"மிசின் நல்லா ஓடுதுன்னு சொல்லிருக்கேன். அது பொய்யில்லையே."

உடனே கீழே வந்து என்னோடு இரு என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். "சந்தை முடியட்டும், வாரேன்" என்றாய். அந்தச் சந்தை கூடுவதற்குள் நீ உங்கள் வீட்டுப் பின்புறம் விழுந்துவிட்டாய். வண்டி வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். எந்த வளைவு என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அவராக எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. "தங்கச்சி, அந்த வளையத்தக் கொண்டாந்து எங்க காட்டுல ஒருக்கா அளந்து பாக்கோணுமுங்க" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "வாங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

போனேன். வழியில் வாந்தி வந்தது, பலாச்சுளை இல்லாமலே. உன் வீட்டுப் பின்சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. கன்ட்ரோலரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார். பம்பு ஓடவில்லை. கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து மிளகுக் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பாதிக் கன்றுகள் காய்ந்துவிட்டன. அவரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார், தோள்பட்டை எலும்பு தெரிய.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கெணத்துமேட்டுல மாட்டுங்கன்னுதான் அவ சொன்னா. தள்ளியே இருக்கட்டும்னா. நாந்தானுங்க கேக்கல. அத்தன தொலைவு நடந்துபோயி சுவிச்சு போட்டா அவளுக்கு மூச்சு வாங்குமேன்னு, ஊட்டுக்கிட்டவே மாட்டுனேன். அன்னைக்கு வெளிய வந்து சுவிச்சப் போட்டா. அந்தா, அந்த நாத்துப் பாத்திகிட்ட விழுந்து கெடந்தா. டாக்டரு பொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேங்கறாரு. ஆறுதலுக்குச் சொல்றாரோன்னு இருக்குதுங்க. அந்தப் பொட்டிதான் எடுத்துச்சா, நானே எடுத்துட்டனா, அது எனக்குத் தெரியோணும்."

நீ நடக்கக்கூடாதென்று பக்கத்தில் மாட்டிய பெட்டி. அந்த நெருக்கம்தான் உன்னைக் கொன்றதோ என்று ஒரு மனிதர் மாதக்கணக்காகத் தண்ணீர்க் குடத்தோடு நடந்துகொண்டிருக்கிறார். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் இன்னொரு ஆறுதல்காரி. ஆண்டெனாப் பெட்டியைத் திறந்து வளையத்தை எடுத்தேன்.

கன்ட்ரோலரை அதே துளைகளில் மாட்டச் சொன்னேன். திருப்புளி ஆணியில் நிற்காமல் வழுக்கியது, அதை நான் வாங்கிக்கொண்டேன். மேகம் மூடியிருந்தது. முழு வெயில் வந்தால்தான் பம்பு முழு வேகத்தில் ஓடும், அப்போதுதான் இரைச்சலும் முழுசாக இருக்கும். அரைகுறையாக அளக்க எனக்கு மனமில்லை. ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் வந்தது. முதலில் பத்து மீட்டர், அப்புறம் மூன்று மீட்டர், நீ செய்வது போலவே. கடைசியாக, நீ விழுந்த இடம் எது என்று சரியாகக் காட்டச் சொன்னேன். அவர் போய் நின்று, குனிந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்தார். அந்தக் கை எடுத்த இடத்தில் முக்காலியின் காலை ஊன்றினேன்.

சுவிட்சை அவரையே போடச் சொன்னேன். போட்டார், அணைத்தார். திரும்பப் போட்டார், திரும்ப அணைத்தார். அளவு காட்டும் திரையில் கோடு அசையவே இல்லை. ஓடும்போதும் ஓடாதபோதும் அந்த இடத்தில் இருந்தது மலையின் சொந்த இரைச்சல் மட்டும்தான். வளையத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பிறகு பெட்டிக்கு ஒரு கை நீளத்தில் வைத்தேன். அங்கே கோடு எழுந்தது. பேஸ்மேக்கர் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு எவ்வளவோ கீழே, ஆனால் எழுந்தது.

சொன்னேன். "பொட்டிகிட்ட கை நீட்டுற எடத்துல கொஞ்சம் இருக்குதுங்ணா. அவ நெஞ்சு மிசினக் கெடுக்கற அளவுக்கு இல்ல. அவ விழுந்த எடத்துல ஒண்ணுமே இல்ல."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"கழிச்சுச் சொல்றீங்களா, கழிக்காமச் சொல்றீங்களா?"

உன் குரல் அவர் வாயிலிருந்து வந்தது போல இருந்தது.

"கழிக்கலீங்ணா. வரம்பையும் நகத்தல, அளவையும் நகத்தல. அவ விழுந்த எடத்துலயே வச்சுப் பாத்தது. கழிக்கறதுக்கு அங்க தூரமே இல்லீங்ணா."

"கிட்டப் போயி சுவிச்சப் போடையில கெட்டுப்போயி, அப்பறம் நடந்து வந்து விழுந்திருந்தா?"

"அப்படியே தொந்தரவு பண்ணுனாலும் கிட்ட நிக்கறவரைக்குந்தான் பண்ணும். தள்ளி வந்துட்டா விட்டுரும். அவ தள்ளி வந்து விழுந்திருக்கா."

அவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்று தெரிந்தது. ஆனால் நம்பிய உடனே அடுத்த கேள்வி வந்தது. அது வரும் என்று எனக்குத் தெரியும், வளையத்தை வெளியே எடுக்கும்போதே தெரியும். "அப்ப எதுதானுங்க?"

இங்கேதான் உன்னிடம் கோபம் வந்தது. நீ அவரிடம் மறைத்ததை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். சொன்னால் நீ அவரிடம் மறைத்தாய் என்பது அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பெட்டி போய் வேறு ஏதாவது ஒன்று அந்தச் சுவரில் ஏறி உட்காரும். உன்னைச் சுமக்கவிட்ட ஒரு குடம் தண்ணீர், கடைக்கு அனுப்பிய ஒரு நடை, அதட்டிய ஒரு வார்த்தை என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். நீ கழித்துத்தான் சொல்லியிருப்பாய், அவருக்கு வலிக்கக்கூடாது என்று. அதை நான் செய்யவில்லை.

தசை தளர்ந்ததைச் சொன்னேன். கண் இருட்டியதைச் சொன்னேன். சந்தை முடிந்ததும் வருவதாக இருந்ததைச் சொன்னேன். "பயமா இருக்குன்னும் சொன்னாளுங்ணா" என்று அதையும் சொன்னேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பாத்தி நிறைந்து வரப்பைத் தாண்டி முக்காலியின் காலை நனைத்தது.

"எங்கிட்ட மிசினு நல்லா ஓடுதுன்னாளே" என்றார்.

"அது நெசந்தாங்ணா."

குனிந்து, தண்ணீர் தாண்டுகிற வரப்பில் இரண்டு கை மண்ணை அள்ளி வைத்தார். அப்புறம் மெதுவாக, கணக்குப் போட்டுப் பார்த்தவர் மாதிரிச் சொன்னார்:

"நோவையும் கழிச்சுட்டா, பயத்தையும் கழிச்சுட்டா. ரெண்டு தடவ கழிச்சுட்டா தங்கச்சி."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வேறு என்னத்தைச் செய்ய.

சாயங்காலம் கன்ட்ரோலரைக் கழற்றி, நீ சொன்ன கிணற்றுமேட்டிலேயே மாட்டினோம். ஒயரை நான் பிடித்தேன். இனிமேல் யாருக்கும் மூச்சு வாங்காது, எவ்வளவு தொலைவிலும் மாட்டலாம் என்று அவரே சொன்னார். நான் கிளம்பும்போது வளையப் பெட்டியில் பழைய மிளகைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டி வைத்தார். "அவளாட்டம் முடிச்சுப் போட எனக்கு வராதுங்க" என்றார்.

அந்த முடிச்சுதான் இப்போது என் முன்னால் கிடக்கிறது. உள்ளே இன்னொரு கருவி சோதனைக்குக் காத்திருக்கிறது. எண்பதைக் கழித்தாயிற்றா என்று கேட்கிறார்கள். ஒரு தடவைதான், அளவில் மட்டும், என்று பதில் சொல்கிறேன். இந்த வேலையை இன்னும் தப்பில்லாமல் செய்கிறேன். அது நீ கொடுத்தது.

மதியச் சாப்பாட்டின்போது யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பரவாயில்லை என்பேன். கழித்தா, கழிக்காமலா என்று திருப்பிக் கேட்க இங்கே ஆளில்லை. மலைமேல் ஒருவர் இருக்கிறார், அவரிடமும் நான் கேட்பதில்லை, அவரும் என்னிடம் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

நீ கேட்டிருப்பாய். கழிக்காமச் சொல்றேன்டி. முடியல.